பழைய பத்திரிகைகளில் ‘ஃபன்’: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப் போர் முடிந்த காலம் முதல் 1960களின் இறுதி வரை வந்த அமெரிக்க, பிரிட்டிஷ் இதழ்களை இணையத்தில் தேடிப் படிக்கிறவர்கள் நம்மிடையே பெருகியிருக்கிறார்கள். ‘லைஃப்’ வார இதழ் 1936 முதல் 1972 வரை வெளிவந்த பிரதிகளை கூகுள் புக்ஸில் காசில்லாமல் புரட்டலாம் என்பது அதற்கு ஒரு காரணம். அப்படிப் படிப்பவர்கள் கடினமான சொற்களுக்கு அகராதி பார்த்துக்கொள்கிறார்கள். சின்னச் சொல்லான ‘ஃபன்’னில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். திரும்பத் திரும்ப என்னிடம் வந்த சந்தேகங்களை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே விட்டுவிட்டேன்.

1. ஃபன்னுன்னா ஜாலிதானே? இதுல கேக்கறதுக்கு என்ன இருக்கு?

பாதிதான் சரி. பழைய பத்திரிகையில் இந்தச் சொல் குறைந்தது நான்கு வேலை பார்க்கிறது. ‘ஹேவ் ஃபன்’ என்றால் சந்தோஷமாகப் பொழுதைப் போக்குவது. ‘மேக் ஃபன் ஆஃப்’, ‘போக் ஃபன் அட்’ இரண்டும் கேலி செய்வது. ‘இன் ஃபன்’ என்றால் விளையாட்டுக்குச் சொன்னது, மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று பொருள். ஒரு செனட்டர் எதிர்க்கட்சியின் மசோதாவை வைத்து ‘ஃபன்’ செய்தார் என்று செய்தி சொன்னால் அவர் மசோதாவைப் பார்த்து மகிழவில்லை, நக்கலடித்தார்.

இந்த மூன்றும் பழைய வேலைகள். நான்காவதாக, இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போய் ஒட்டிக்கொள்வது: ஃபன் ஃபேர் (ராட்டினங்கள் சுற்றும் கேளிக்கைத் திடல்), ஃபன் ஃபர், ஃபன் சிட்டி. நம் காலகட்டத்தில் சூடு பிடித்தது இதுதான். இந்தப் பக்கத்தின் பெரும்பகுதியும் அதைப் பற்றித்தான்.

2. இது கௌரவமான வார்த்தையா, இல்ல தெருப்பேச்சா?

தெருவிலிருந்து வீட்டுக்குள் வந்த சொல். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏமாற்று, பித்தலாட்டம் என்ற பொருளில் புழங்கியது. சாமுவேல் ஜான்சன் தம் 1755 அகராதியில் உற்சாகக் களியாட்டம் என்று இதற்குப் பொருள் எழுதிவிட்டு, கூடவே இது கீழ்த்தரமான குழூஉக்குறிச் சொல் என்று முத்திரையும் குத்தினார். ஆனால் 1861இல் லண்டனில் ‘பஞ்ச்’ இதழுக்குப் போட்டியாக ஒரு நகைச்சுவை வார இதழ் தொடங்கியபோது அதற்கு ‘ஃபன்’ என்றே பெயர் வைத்தார்கள். அதற்குள் முத்திரை அழிந்துவிட்டது என்று தெரிகிறது.

1950களின் ஆசிரியர் குழுக்களுக்கு இந்தச் சொல்லின் கௌரவம் பற்றிக் கவலை இல்லை. இலக்கணம் பற்றித்தான் கவலை. அதற்கு 6ஆம் கேள்வியைப் பாருங்கள்.

3. ஃபன்னி, ஃபன்னீஸ், ஃபன்... மூணும் ஒண்ணுதானே சார்?

வேர் ஒன்று, வேலை வேறு. ‘ஃபன்னி’ என்றால் சிரிப்பு மூட்டுவது. சில நேரம் ‘ஏதோ இடிக்கிறதே’ என்ற பொருளும் வரும். ‘ஃபன்னீஸ்’ என்பது அமெரிக்க நாளிதழ்களில் வரும் சித்திரக்கதைப் பக்கத்துக்கு வாசகர்கள் வைத்த செல்லப் பெயர். அதில் துப்பறியும் கதை இருக்கும், குடும்பச் சண்டை இருக்கும், கொலைகூட இருக்கும். சிரிப்பு இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.

அந்தப் பக்கத்துக்கு இருந்த மவுசுக்கு ஒரு சாட்சி. 1945 ஜூலையில் நியூயார்க்கில் பத்திரிகை விநியோக ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்ய, வீடுகளுக்கு இதழ்கள் போகவில்லை. மேயர் லகார்டியா நகராட்சி வானொலியில் உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமைச் சித்திரக்கதைகளைக் குரலை மாற்றி மாற்றிப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார். அந்தச் செய்திகளில் ‘ஃபன்னீஸ்’ என்று பார்த்தால் மேயர் ஜோக்கடித்தார் என்று படித்துவிடாதீர்கள்.

4. ஏன் குறிப்பா 1945க்கு அப்புறம்? அதுக்கு முன்னாடி யாரும் ஜாலியா இல்லையா?

இருந்தார்கள். ஓய்வு எல்லார் கைக்கும் எட்டியது அப்போதுதான். அமெரிக்காவில் 1938இல் வந்த நியாய உழைப்புத் தரச் சட்டம் 1940இலிருந்து வாரத்துக்கு 40 மணி நேர வேலையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. போர் முடிந்து சம்பளமும் கார்களும் பெருகின. 1950இல் அமெரிக்க வீடுகளில் 100க்கு 9இல் மட்டும் இருந்த தொலைக்காட்சி, 1960இல் 100க்கு 87 வீடுகளில் இருந்தது. சனி, ஞாயிறு என்ற புதிய சரக்கு சந்தைக்கு வந்துவிட்டது. அதன் மேல் ஒட்ட ஒரு சீட்டு வேண்டியிருந்தது.

5. தலைப்புகள்ல மட்டும் இந்த வார்த்தை ஏன் இவ்ளோ வருது?

இடப் பஞ்சம். அந்தக் கால அமெரிக்க நாளிதழின் பக்கத்தில் வழக்கமாக 8 பத்திகள். ஒரு பத்தியின் அகலம் ஏறக்குறைய 2 அங்குலம். ஈய எழுத்தில் அச்சுக் கோத்த காலம் என்பதால் எழுத்தைக் கொஞ்சம் நெருக்கி உள்ளே தள்ளிவிடலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. துணை ஆசிரியர் தலைப்பை எழுதிவிட்டு விரல்விட்டு எண்ணுவார். சிறிய எழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு 1 அலகு. எஃப், எல், ஐ, டி, ஜே ஆகிய ஒல்லி எழுத்துகளுக்கு அரை. எம், டபிள்யூ இரண்டுக்கும் ஒன்றரை.

இந்தக் கணக்கில் ‘ஃபன்’ இரண்டரை அலகு. ‘பிளஷர்’ ஏழரை. ‘என்ஜாய்மென்ட்’ எட்டரை. ‘அம்யூஸ்மென்ட்’ ஒன்பதரை. ஒற்றைப் பத்தித் தலைப்பின் ஒரு வரிக்குள் ஒன்பதரை அலகை ஒரே சொல்லுக்குக் கொடுத்தால் மற்றதை எங்கே வைப்பது? விசாரணைக்கு ‘புரோப்’, முயற்சிக்கு ‘பிட்’, தடைக்கு ‘பேன்’ என்று தலைப்புகளில் குட்டைச் சொற்கள் ஆட்சி செய்ததற்கும் இதே காரணம்தான்.

இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. தலைப்பில் ‘ஆஃப்’, ‘எ’, ‘தி’ எல்லாவற்றையும் வெட்டி எறிவார்கள். இடையில் இருந்தவை போனதும் ‘ஃபன்’ நேராக அடுத்த பெயர்ச்சொல்லின் மேல் போய் இடிக்கும். தினமும் காலையில் காபியோடு அப்படிப் படித்துப் பழகிய கண்ணுக்கு, அந்தச் சேர்க்கை தப்பாகத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை.

6. எங்க மிஸ் ‘வெரி ஃபன்’ தப்புன்னு சிவப்பு மையில அடிச்சாங்க. அமெரிக்காக்காரங்க சொல்றாங்களே? ஃபன் பெயர்ச்சொல்லா, பெயரடையா?

உங்கள் மிஸ் படித்த இலக்கணப்படி அவர் செய்தது சரி. ‘ஃபன்’ பிறவியில் பெயர்ச்சொல். அதுவும் தண்ணீர், மணல் மாதிரி எண்ண முடியாத பெயர்ச்சொல். முன்னால் ‘எ’ போட மாட்டார்கள், பன்மையும் இல்லை. சிக்கல் தொடங்குவதே அங்கேதான். ‘இட் வாஸ் ஃபன்’, ‘இட் வாஸ் நைஸ்’ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ‘நைஸ்’ பெயரடை, ‘ஃபன்’ பெயர்ச்சொல். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில், ஒரே கோலத்தில் நிற்கின்றன. மொழியைக் காதால் கேட்டுப் பழகும் குழந்தைக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. ‘வெரி நைஸ்’ வரும்போது ‘வெரி ஃபன்’ ஏன் வரக்கூடாது என்று அது கேட்கும், நியாயமாகவே.

நம் மொழியிலும் பெயர்ச்சொல் இன்னொரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நிற்கும். ‘கல்யாண வீடு’ என்கிறோம். அதனால் கல்யாணம் பெயரடை ஆகிவிடுவதில்லை. ‘ரொம்பக் கல்யாண வீடு’ என்று யாரும் சொல்வதில்லை. ‘ஃபன் ஃபேர்’ அந்த ‘கல்யாண வீடு’ வகை. நியூயார்க் கோனி தீவின் ஸ்டீபிள்சேஸ் கேளிக்கைப் பூங்காவில் 1907 தீ விபத்துக்குப் பிறகு கட்டிய பெரிய கூடத்துக்கு ‘பெவிலியன் ஆஃப் ஃபன்’ என்று பெயர். நடுவில் ‘ஆஃப்’ இருப்பதைக் கவனியுங்கள். பின்னாளில் அந்த ‘ஆஃப்’ போய், ‘ஃபன்’ முன்வரிசைக்கு வந்தது. அப்போதும் அது பெயர்ச்சொல்தான். ‘வெரி’, ‘ஸோ’ போன்றவை எப்போது முன்னால் ஒட்டுகின்றனவோ அப்போதுதான் சாதி மாறுகிறது.

ஆக, 1950கள், 60களின் அச்சுப் பக்கங்களில் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் நடுவழியில் நிற்கும் சொல்லை. ‘ஃபன் பார்ட்டி’ வந்துவிட்டது. ‘வெரி ஃபன் பார்ட்டி’ துணை ஆசிரியரின் பென்சிலைத் தாண்டி வரவில்லை. தேர்வு எழுதுகிறவர்களுக்கு என் ஆலோசனை: ‘ஸோ மச் ஃபன்’ என்று எழுதிவிட்டுப் போங்கள். யாரும் மதிப்பெண் குறைக்க முடியாது.

7. பழைய ஃபேஷன் பக்கத்துல ‘ஃபன் ஃபர்’னு போட்டிருக்கு. வேடிக்கையான முடியா?

விலை மலிவான உரோம ஆடை. 1960களில் பிரபலமான பெயர். அசல் மிங்க் (கீரி போன்ற ஒரு விலங்கின் உரோமம்) கோட்டு ஒரு குடும்பத்தின் சொத்து. அம்மாவிடமிருந்து மகளுக்குப் போகும். முயல் தோலிலோ செயற்கை இழையிலோ செய்து, பளிச்சென்று சாயம் ஏற்றி, இளம்பெண்கள் இரண்டு பருவம் போட்டுவிட்டுத் தூக்கி எறியும்படி விற்றதுதான் ‘ஃபன் ஃபர்’.

சொல் செய்யும் தந்திரத்தைப் பாருங்கள். ‘மலிவு’ என்று எழுதினால் வாங்குகிறவருக்குக் கூச்சம். ‘போலி’ என்றால் சண்டையே வரும். ‘ஃபன்’ என்றதும் இரண்டும் மறைந்து, வாங்குவது ஒரு விளையாட்டு ஆகிவிடுகிறது. விளம்பர வாசகத்தில் ஒரு பொருளுக்கு முன்னால் ‘ஃபன்’ இருந்தால், அதே பொருளின் கனமான, விலை உயர்ந்த உருவம் ஒன்று எங்கோ இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். என் அனுபவத்தில் இந்தச் சூத்திரம் பொய்த்தது குறைவு.

8. அக்கா, இது பெண்கள் பக்கத்து வார்த்தைன்னு ஒரு பேராசிரியர் சொன்னார். நிஜமா?

முழுக்க இல்லை. விளையாட்டுப் பக்கத்திலும் பயணப் பகுதியிலும் தாராளமாக வரும். ஆனால் அவர் சொல்வதற்குக் காரணம் உண்டு. பெண்கள் பக்கத்தில் செய்தியும் சரக்கும் தோளோடு தோள் உட்கார்ந்திருக்கும். விருந்து, உடை, வீட்டு அலங்காரம் பற்றிய கட்டுரைக்குப் பக்கத்திலேயே அதே பொருள்களை விற்கும் கடையின் விளம்பரம். 7ஆம் பதிலில் சொன்ன விளம்பர நடை கட்டுரைக்குள் கசிவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது.

1950களின் நடுவில் ‘நியூயார்க் டைம்ஸ்’ தன் பெண்கள் பக்கத்துக்கு ‘ஃபுட், ஃபேஷன்ஸ், ஃபேமிலி, ஃபர்னிஷிங்ஸ்’ என்று தலைப்பிட்டிருந்தது. நான்கும் எஃப். ஐந்தாவது எஃப் தலைப்பில் இல்லை, உள்ளே இருந்தது. 1969 ஜனவரியில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ தன் பெண்கள் பகுதியை மூடிவிட்டு ‘ஸ்டைல்’ பகுதியைத் தொடங்கியது. மற்ற நாளிதழ்களும் பின்னால் வந்தன. அந்தப் பழைய பக்கங்களைத் தேடுகிறவர்கள் அந்த ஆண்டுக்கு முன் தேடுவது நல்லது.

9. குழந்தை வளர்ப்பு கட்டுரைகள்ல அம்மாக்களை ‘ஃபன்’னா இருங்க, ‘ஃபன்’னா இருங்கன்னு ஒரேயடியா வற்புறுத்தறாங்க. அது என்ன கட்டாயம்?

நல்ல கண். இதை அந்தக் காலத்திலேயே ஒருவர் பிடித்துவிட்டார். உளவியலாளர் மார்த்தா வுல்ஃபன்ஸ்டைன் 1951இல் எழுதிய கட்டுரையில் இதற்கு ‘ஃபன் மொராலிட்டி’ என்று பெயர் வைத்தார். அவர் கையில் எடுத்தது அமெரிக்க அரசின் குழந்தைகள் நலப் பிரிவு 1914 முதல் வெளியிட்டு, அவ்வப்போது திருத்தி எழுதி வந்த தாய்மார் கையேட்டை. 1914 பதிப்பில் குழந்தையோடு விளையாடுவதே ஆபத்து. நரம்புகள் கிளர்ந்துவிடும், தூக்கம் கெடும், அடம் வளரும். 1940களின் பதிப்புகளில் அதே குழந்தை சமத்து, விளையாட்டு ஆரோக்கியம், குளிப்பாட்டுவது, சோறூட்டுவது எல்லாமே தாய்க்கும் பிள்ளைக்கும் ஆனந்தமாக இருக்க வேண்டும்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வுல்ஃபன்ஸ்டைன் பிடித்த முரண் வேறு. முன்பெல்லாம் அளவுக்கு மீறிக் களித்தவர்கள் குற்ற உணர்ச்சி கொண்டார்கள். இப்போது போதுமான அளவு களிக்காதவர்கள் வெட்கப்படுகிறார்கள், தங்களிடம் ஏதோ கோளாறு என்று. களிப்பு அனுமதியாக இருந்து கடமையாகிவிட்டது. நடு இரவில் மூன்றாம் முறையாக எழுந்து பால் கரைக்கும் ஒரு தாய்க்கு, அதையும் ரசித்துச் செய்யவில்லையே என்ற புதுக் கவலை.

அந்தக் கட்டுரையைப் படித்த பிறகு 1950களின் பத்திரிகைகளைப் புரட்டினால், ‘ஃபன்’ வரும் இடங்களில் பாதி கட்டளை வாக்கியங்களாகத் தெரியும். சமையலை ஃபன் ஆக்குங்கள், வீட்டு வேலையை ஃபன் ஆக்குங்கள். எது இயல்பிலேயே அலுப்போ அதன் பக்கத்தில்தான் இந்தச் சொல் நிற்கும். ஐஸ்கிரீமை ஃபன் ஆக்குங்கள் என்று யாரும் எழுதவில்லை.

10. பிரிட்டிஷ் பத்திரிகைகளிலும் இதே கதைதானா?

காலம் ஒன்று, நிலைமை வேறு. பிரிட்டனில் போர் முடிந்தும் உணவுப் பங்கீடு (ரேஷன்) முடியவில்லை. இறைச்சிக்கான பங்கீடு 1954 ஜூலையில்தான் தீர்ந்தது. அதன் நடுவே 1951 மே முதல் செப்டம்பர் வரை ‘ஃபெஸ்டிவல் ஆஃப் பிரிட்டன்’ என்ற தேசிய விழா அரசுச் செலவில் நடந்தது. அதன் தலைமை இயக்குநர் ஜெரால்ட் பாரி முன்பு ‘நியூஸ் கிரானிக்கிள்’ நாளிதழின் ஆசிரியர். பத்திரிகைக்காரர் என்பதால் எந்தச் சொல் எடுபடும் என்று அவருக்குத் தெரியும். 1951 ஃபன், கற்பனை, வண்ணம் ஆகியவற்றின் ஆண்டாக இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே அறிவித்தார். லண்டன் பேட்டர்சி பூங்காவில் ‘ஃபன் ஃபேர்’ ஒன்றும் அமைந்தது.

பீவர்புரூக் பிரபுவின் நாளிதழ்கள் விழாவை வீண் செலவு என்று தாக்கின. பேட்டர்சியின் செலவு மதிப்பீட்டை மீறியதும் அவர்களுக்கு வாய்க்கு அவல் கிடைத்தது. அங்கே ‘ஃபன்’ என்பது வரிப்பணத்தில் வாங்கித் தரலாமா கூடாதா என்று கட்சிகள் மோதிக்கொண்ட பொருள். அமெரிக்கப் பக்கங்களில் இந்தச் சொல்லின் பின்னால் கடைக்காரர் நிற்பார். பிரிட்டிஷ் பக்கங்களில் அந்த ஆண்டு அமைச்சர் நின்றார்.

11. நியூயார்க்கை ‘ஃபன் சிட்டி’ன்னு எழுதியிருக்காங்க. பாராட்டா, திட்டா?

பாராட்டாகப் பிறந்து ஒரு வாரத்துக்குள் திட்டாக மாறியது. ஜான் லிண்ட்சே மேயர் பதவி ஏற்ற 1966 ஜனவரி 1 அன்றே ஊழியர் வேலைநிறுத்தத்தால் சுரங்க ரயிலும் பேருந்தும் நின்றன. தொழிற்சங்கத் தலைவர் மைக் குவில் நீதிமன்ற அவமதிப்புக்காகச் சிறை போனார், அங்கேயே மயங்கி விழுந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார். குளிரில் ஊரே நடந்துகொண்டிருந்தது. லிண்ட்சேயும் நடந்தே அலுவலகம் போனார். அந்த நேரத்தில், இது இன்னமும் ‘ஃபன் சிட்டி’தான் என்று அவர் சொன்னார். வாய் தவறி அல்ல, தெரிந்தேதான். உற்சாகப்படுத்துவதாக நினைத்திருக்கலாம்.

‘நியூயார்க் ஹெரால்ட் டிரிப்யூன்’ பத்தி எழுத்தாளர் டிக் ஷாப் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு சொல்லையும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேபிடல்) தொடங்கி, ஊரின் பட்டப் பெயராகவே ஆக்கி, முழுக் கிண்டலாகத் திருப்பி அடித்தார். வேலைநிறுத்தம் 12 நாளில் முடிந்தது. குவில் அந்த மாதம் 28ஆம் தேதி இறந்துபோனார். ‘ஹெரால்ட் டிரிப்யூன்’ நாளிதழே அதே ஆண்டு ஏப்ரலோடு நின்றுபோனது. பட்டப் பெயர் மட்டும் நிற்கவில்லை. 1968 பிப்ரவரியில் துப்புரவுத் தொழிலாளர்கள் 9 நாள் வேலையை நிறுத்திக் குப்பை மலையானபோதும், 1969 பிப்ரவரியில் பனிப்புயலுக்குப் பின் குவீன்ஸ் பகுதித் தெருக்கள் நாள்கணக்கில் மூடிக் கிடந்தபோதும், ‘ஃபன் சிட்டி’ என்ற இரண்டு சொல்லே போதுமானதாக இருந்தது. அலுத்துப்போன நகரவாசியின் பெருமூச்சு அதற்குள் அடங்கிவிட்டது.

9ஆம் பதிலில் சொன்ன கட்டளைக்கு நகரமே கொடுத்த பதிலடி இது என்றுதான் நான் படிக்கிறேன். மேலிடத்திலிருந்து ஒருவர் ‘எல்லாம் ஆனந்தமே’ என்று சொல்ல, கீழே இருப்பவன் அதே சொல்லைத் திருப்பிக் கொடுக்கிறான்.

12. புத்தகங்கள்ல ஒரு வார்த்தை எந்த வருஷம் எவ்ளோ வந்துச்சுன்னு காட்டுற கூகுள் என்கிராம் வரைபடத்துல 1700கள்லதான் ‘ஃபன்’ உச்சத்துல இருக்கு. அப்போ நீங்க சொல்றது எல்லாம் தப்பா?

உச்சத்தில் இருந்தது சூரியன். 1800 வரையிலான ஆங்கில அச்சில் எஸ் எழுத்துக்கு நீண்ட வடிவம் ஒன்று உண்டு. பார்த்தால் எஃப் போலவே இருக்கும், குறுக்குக் கோடு மட்டும் முழுதாகப் போகாது. ஸ்கேன் செய்த பக்கத்தைக் கணினி எழுத்தாக மாற்றும்போது ‘சன்’ எல்லாம் ‘ஃபன்’ ஆகிவிடுகிறது. 2ஆம் பதிலில் பார்த்த ஜான்சனின் முகச்சுளிப்பை நினைவில் வைத்திருந்தால், தேவாலயப் பிரசங்கங்களில் ‘ஃபன்’ குவிந்து கிடப்பதைப் பார்த்ததுமே சந்தேகம் வந்திருக்கும்.

நம் காலகட்டத்து நாளிதழ்களில் வேறொரு பொறி. குறுகிய பத்தி என்பதால் சொற்கள் வரி ஓரத்தில் உடையும். ‘ஃபண்டமென்டல்’, ‘ஃபங்கஸ்’, ‘ஃபன்னல்’ மூன்றுமே ஆங்கிலத்தில் முதல் மூன்று எழுத்துக்குப் பிறகு உடையும் சொற்கள். வரி ஓரத்தில் நிற்கும் அந்தத் துண்டுகளை எல்லாம் தேடுபொறி எண்ணிவிடும். மங்கலான பிரதியில் ‘கன்’, ‘ரன்’ ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். எண்ணிக்கையை நம்பி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறவர்கள் நூறு இடங்களையாவது கண்ணால் பார்த்துவிடுங்கள்.

13. தமிழ்ல ‘ஃபன்னா இருந்துச்சு’ன்னு சொல்றோமே, அது பெயரடையா?

தமிழுக்கு அந்தத் தலைவலி இல்லை. நாம் எந்த அயல்சொல்லை எடுத்தாலும் பின்னால் ‘ஆ’, ‘ஆன’ ஒட்டிவிடுகிறோம்: ஜாலியா, ஃப்ரீயா, ஃபன்னான. அங்கே அது எந்த வகை என்று இங்கே யாரும் கேட்பதில்லை.

14. ‘ஃபன்னர்’, ‘ஃபன்னஸ்ட்’ எல்லாம் உண்டா, இல்லையா? ஒரே பதில் சொல்லுங்க.

பேச்சில் உண்டு, தேர்வில் இல்லை. 6ஆம் பதிலின் நீட்சிதான் இது. பெயரடை ஆகிவிட்டால் அடுத்து ஒப்பீட்டு வடிவங்கள் வந்தே தீரும். 2008 செப்டம்பரில் ஆப்பிள் நிறுவனம் தன் ஐபாட் டச் கருவியை ‘ஃபன்னஸ்ட் ஐபாட்’ என்று விளம்பரம் செய்தது. இலக்கணக்காரர்கள் திட்டுவார்கள் என்று தெரிந்தேதான் செய்திருப்பார்கள், திட்டும் விளம்பரம்தானே. நம் காலகட்டத்துச் செய்திப் பக்கத்தில் இந்த வடிவங்களைப் பார்த்தால், பெரும்பாலும் குழந்தை பேசுவது போல் எழுதியிருப்பார்கள்.

15. கடைசியா ஒண்ணு. 1962ல வந்த விருந்துச் செய்தி. வந்த சீமாட்டி ‘இட் வாஸ் எ ஃபன் ஈவினிங்’னு சொன்னதா மேற்கோள் போட்டிருக்கு. நிருபர் கிண்டல் பண்றாரா?

மேற்கோள் குறிக்குள் இருக்கிறதா, வெளியே இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நிருபர் தன் சொந்த வாக்கியத்திலேயே எழுதியிருந்தால் அவருக்கு அது சாதாரண நடை. அவ்வளவு நேரம் பேசிய சீமாட்டியிடமிருந்து இந்த ஒரு வாக்கியத்தை மட்டும் பொறுக்கி எடுத்துப் போட்டிருந்தால், கொஞ்சம் யோசிக்க வேண்டும். அந்தக் காலத்தில் இந்த நடைக்குப் பணக்கார இளசுகளின் பேச்சு என்ற வாசனை இருந்தது. திருத்தாமல் அப்படியே விடுவது அவரை அவர் வாயாலேயே காட்டிக்கொடுக்கும் ஒரு வழி.

அடுத்து, மேற்கோளுக்கு முன்னும் பின்னும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மழையில் கூடாரம் ஒழுகியது, இசைக்குழு வரவில்லை என்று எழுதிவிட்டு உடனே இந்த வாக்கியம் வந்தால் கிண்டல்தான். உணவுப் பட்டியலுக்கும் உடை வர்ணனைக்கும் நடுவில் வந்தால் இல்லை. பக்கம் எது என்பதும் முக்கியம். 8ஆம் பதிலில் சொன்ன பக்கத்தில் விளம்பரதாரரின் மனைவியையே விருந்தாளியாகச் சந்திக்க நேரலாம், அங்கே நிருபருக்குக் கை கட்டப்பட்டிருக்கும். உங்கள் செய்தி 1962 என்பதால் ‘ஃபன் சிட்டி’யின் நிழல் இன்னும் விழவில்லை. இதே வாக்கியம் 1966 ஜனவரிக்குப் பிறகு நியூயார்க் நாளிதழில் வந்திருந்தால், நான் கிண்டல் என்றே வைத்துக்கொண்டு படிக்கத் தொடங்குவேன்.